அப்பா வாட்ச், தாத்தா வாட்ச்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "வீட்ல கெடக்குற பழைய வாட்ச்ச பத்தி எதுவும் கேக்கணுமா"ன்னு ஓரத்துல ஒரு வரி போட்டதுதான், சிங்கப்பூர் முழுக்க இருந்து கேள்வி வந்து இன்பாக்ஸ் நெறஞ்சு போச்சு. படிச்சுப் பாத்தா பாதி கேள்வி வாட்ச்ச பத்தியே இல்ல, அதக் கட்டியிருந்த ஆளப் பத்தி. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் ஒண்ணா சேத்து, முடிஞ்ச வரைக்கும் பதில் சொல்லியிருக்கேன்.

அண்ணே, எங்க அப்பா செம்பவாங் கப்பல் பட்டறையில வேலை பாத்தவரு, போன வருஷம் தவறிட்டாரு. அவரு கையில எப்பவும் இருந்த சீக்கோ 5 இப்ப என்கிட்ட இருக்கு. ஆட்டுனா கொஞ்ச நேரம் ஓடுது, அப்புறம் நின்னுடுது. புளோக்குக்குப் பக்கத்துல ஒரு கடையில காட்டுனேன், சர்வீஸ் பண்ற காசுக்கு வேற ஒண்ணு வாங்கிடலாம்னு சொல்லிட்டாரு. எங்க அண்ணனும் அதேதான் சொல்றான். இன்னொண்ணு, சிரிக்காதீங்க, செயின் இடுக்குல இருக்குற அழுக்கு அப்பாவோடதுன்னு நெனச்சா கழுவ மனசே வர மாட்டேங்குது.
*- வாசகி, ஈசூன்*

சிரிக்கல தங்கச்சி. இதே மாதிரி சட்டைய துவைக்காம வெச்சிருக்கவங்க, கண்ணாடியில இருக்குற விரல் ரேகைய தொடைக்காம வெச்சிருக்கவங்கன்னு எனக்குத் தெரிஞ்சே நெறைய பேரு இருக்காங்க.

முதல்ல ஓடுற கதைக்கு வருவோம். சீக்கோ 5 ஆட்டோமேட்டிக், உள்ள அரை வட்டமா ஒரு எடை இருக்கும், கை அசைய அசைய அது சுத்தி ஸ்பிரிங்க முறுக்கும். நீங்க டிராயர்ல இருந்து எடுத்து ரெண்டு ஆட்டு ஆட்டுனா அதுக்குத் தக்கன கொஞ்சம் ஓடிட்டு நிக்கத்தான் செய்யும். பழைய சீக்கோ 5-ல பெரும்பாலும் கையால சாவி குடுக்கவும் முடியாது, கட்டினாத்தான் உண்டு. அதனால ஒரு நாள் முழுக்க கையில கட்டிட்டு வேலைக்குப் போங்க, ராத்திரி கழட்டி வெய்ங்க, காலையில ஓடிட்டு இருந்தா பெருசா கோளாறு இல்லன்னு அர்த்தம். முழுசா முறுக்கேறினா ஏறக்குறைய 40 மணி நேரம் ஓடணும். கட்டியிருக்கும்போதே நின்னா உள்ள எண்ணெய் காஞ்சு போயிருக்கு, பிரிச்சுக் கழுவி எண்ணெய் போடணும். அப்புறம் முக்கியமா, ராத்திரி 9 மணியில இருந்து விடியக்காலம் 3 மணி வரைக்கும் முள்ளு காட்டுற நேரத்துல தேதிய திருப்பாதீங்க, அந்த நேரத்துல உள்ள பல்சக்கரம் தேதியோட கோத்துக்கிட்டு இருக்கும், திருப்புனா பல்லு ஒடஞ்சிடும். ராத்திரியா பகலான்னு தெரியலைன்னா முள்ள 6 மணிக்கு கொண்டு வந்துட்டு தேதிய மாத்துங்க.

கடைக்காரரு பொய் சொல்லல. சந்தை விலைப்படி அவரு கணக்கு சரிதான், அந்த வாட்ச்ச வித்தா சர்வீஸ் காசு கூட வராம போகலாம். ஆனா நீங்க விக்கப் போறீங்களா என்ன? அந்தக் கணக்கு உங்க அண்ணனுக்கு எதுக்குன்னு எனக்குப் புரியல. சர்வீஸ் பண்ணுங்க. வேற கடைக்குப் போங்க, பழைய மெக்கானிக்கல் வாட்ச்ச பிரிச்சு மேயுற பெரியவங்க இன்னும் சில பேரு பழைய ஷாப்பிங் சென்டர் மாடியிலயும் பேட்டை மார்க்கெட் பக்கத்துலயும் கண்ணுல லென்ஸ மாட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க. குடுக்கும்போது ரசீதுலயே எழுதச் சொல்லுங்க: கேஸ (வெளிக்கூட்ட) பாலிஷ் போடக்கூடாது, டயலையும் முள்ளையும் மாத்தக்கூடாது, எந்த பார்ட்ட கழட்டுனாலும் பழசத் திருப்பிக் குடுத்துடணும். இத சொல்லாம விட்டா அவங்க நல்ல மனசோட பளபளன்னு தேச்சுக் குடுத்துடுவாங்க, பட்டறையில இரும்புல ஒரசின கோடெல்லாம் போயிடும், அப்புறம் அழுது புண்ணியம் இல்ல.

இந்த மாடல் வந்தது 1963-ல. 5-ங்குற பேரு அஞ்சு விஷயத்துக்காக: தானா முறுக்கிக்கும், தேதியும் கிழமையும் ஒரே ஜன்னல்ல காட்டும், தண்ணி தாங்கும், சாவி (பக்கத்துல திருகுற குமிழ்) 4 மணி பக்கம் ஒதுங்கி இருக்கும், கேஸும் செயினும் லேசுல ஒடையாது. சாவி ஏன் 4 மணியில இருக்குன்னா தெனமும் திருகுற வேலை இல்ல, அதனால கையில குத்தாத எடத்துல ஒளிச்சு வெச்சுட்டாங்க. மணிக்கட்ட மடக்கி மடக்கி வேலை பாக்குறவருக்கு அதோட அருமை தெரியும். பின்பக்கம் 6 எழுத்துல ஒரு சீரியல் நம்பர் இருக்கும் பாருங்க, முதல் எண் வருஷத்தோட கடைசி எண், ரெண்டாவது மாசம். 83-ன்னு ஆரம்பிச்சா 8-ல முடியுற ஏதோ ஒரு வருஷம், மார்ச் மாசம் செஞ்சது. 1978-ஆ 1988-ஆன்னு அந்த நம்பர் சொல்லாது, அம்மாவைத்தான் கேக்கணும். "கல்யாணத்துக்கு முன்னாடியே கட்டியிருந்தாரா"ன்னு கேட்டா போதும், வருஷம் தெரிஞ்சிடும், கூடவே ஒரு மணி நேரக் கதையும் கெடைக்கும்.

இப்ப அழுக்கு. அது வேர்வை உப்பும் தோலும் தூசியும். நம்ம ஊரு ஈரக்காத்துல அது சும்மா இருக்காது, எஃகையே பொடிப்பொடியா அரிச்சு குழி போட்டுடும், செயின் பின் துருப்பிடிச்சு ஒரு நாள் எம்ஆர்டி எஸ்கலேட்டர்ல வாட்ச்சே கழண்டு விழும். கழுவவே முடியலைன்னா செயின மட்டும் தனியா கழட்டி சிலிக்கா ஜெல் பொட்டலத்தோட ஒரு ஜிப் கவர்ல போட்டு அப்படியே வெச்சுக்கோங்க, வாட்ச்சுக்கு வேற வாரு போட்டுக் கட்டுங்க. என்னைக் கேட்டா கழுவுங்க. உங்க அப்பா இருந்திருந்தா ஞாயித்துக்கிழமை அவரே பழைய டூத் பிரஷ்ஷ எடுத்து சவுக்காரம் போட்டு தேச்சிருப்பாரு. ஆனா செயின தனியா கழட்டித்தான் கழுவணும், வாட்ச்ச குழாயில காட்டாதீங்க, உள்ள இருக்குற ரப்பர் வளையமெல்லாம் செத்துப் போயிருக்கும்.

எங்க தாத்தாவோட டைட்டோனி வாட்ச், பூ அடையாளம் போட்டது, எனக்கு வந்திருக்கு. நல்லாத்தான் ஓடுது. ஆனா தாத்தா கடைசி வரைக்கும் அத அரை மணி நேரம் பின்னாடியே வெச்சிருந்தாரு. நாங்க சரி பண்ணி வெச்சாலும் திருப்பி பழையபடி ஆக்கிடுவாரு. பாட்டி "பிடிவாதம்"னு சொல்லுவாங்க. ஆனா ஒரு பஸ்ஸ கூட அவரு விட்டது கெடையாது. இதுக்கு என்ன அர்த்தம்னு யாருக்கும் தெரியல.
*- வாசகர், தோ பாயோ*

இந்த கேள்விய படிச்சுட்டு எந்திரிச்சு ஒரு நடை நடந்துட்டு வந்தேன் தம்பி, அவ்ளோ பிடிச்சிருந்தது.

சிங்கப்பூர் மணியவே 1982 ஜனவரி 1-ஆம் தேதி அரை மணி நேரம் முன்னாடி தள்ளிட்டாங்க. மலேசியா தீபகற்பத்துக்கும் சபா சரவாக்குக்கும் ஒரே நேரமா ஆக்குச்சு, நம்மளும் கூடவே மாறிக்கிட்டோம். 1981 டிசம்பர் 31 ராத்திரி 11.30 ஆனதும் 12 மணின்னு ஆயிடுச்சு. அந்த வருஷம் புதுவருஷம் அரை மணி முன்னாடியே வந்துருச்சு. உங்க தாத்தா வாட்ச்ச லேட்டா வெக்கல, பழைய சிங்கப்பூர் நேரத்துல வெச்சிருந்திருக்காரு.

ஏன்னு அவரு சொல்லிட்டுப் போகல, அதனால இது என் ஊகம். ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதுல இருந்து 1981 வரைக்கும் நம்ம நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் சரியா ரெண்டு மணி நேரம் வித்தியாசம். கணக்கே வேண்டாம், வாட்ச்ச பாத்து ரெண்ட கழிச்சா ஊர்ல மணி என்னன்னு தெரிஞ்சிடும், இப்ப கூட்டாளிங்க வயல்ல இருந்து வந்திருப்பாங்க, இப்ப அம்மா விளக்கேத்தியிருக்கும்னு. 82-க்கு அப்புறம் அது ரெண்டரை ஆயிடுச்சு. கவர்மெண்ட் மாத்துனா நான் மாத்தணுமான்னு இருந்திருக்கலாம். பாட்டி இருந்தா கேட்டுப் பாருங்க, தாத்தா வாட்ச்ச பாத்துட்டு ஊரப் பத்தி எதையாச்சும் பேச ஆரம்பிப்பாரான்னு. இல்ல வெறும் பிடிவாதம்தானா இருந்தாலும் இருக்கட்டும், அதுவும் சொத்துதான்.

(இந்த நேரத்துல இன்னொரு வேடிக்கை என்னன்னா சூரியனப் பாத்தா நம்ம ஊரு நேரம் இந்தியாவ விட ஒண்ணரை மணி நேரம்தான் முன்னாடி இருக்கணும். அதனாலதான் நம்ம புள்ளைங்க இருட்டுல ஸ்கூலுக்குப் போகுது.)

சர்வீஸுக்கு குடுத்தா அவங்க சரியான நேரம் வெச்சுக் குடுப்பாங்க, அதுல தப்பில்ல, வேகமா போகுதா மெதுவா போகுதான்னு பாக்க அது வேணும். வாங்கினதுக்கு அப்புறம் நீங்களே அரை மணி பின்னாடி வெச்சுக்கோங்க. சரியான நேரம் பாக்க போன் இருக்கு.

என் வீட்டுக்காரரோட தாத்தா வாட்ச் ஒண்ணு, வெஸ்ட் எண்ட்னு போட்டிருக்கு, ஓடல. ஓடாத கடியாரம் வீட்ல இருக்கக் கூடாது, செத்தவங்க கட்டின வாட்ச்ச கட்டவும் கூடாதுன்னு மாமியார் சொல்றாங்க. தூக்கிப் போட மனசில்லாம பையனுக்கு வெளையாடக் குடுத்திருக்கேன். நம்பரெல்லாம் பழுப்பா தடிமனா இருக்கு, கண்ணாடி உடைஞ்சிருக்கு. என்ன பண்ணலாம்?
*- வாசகி, பொங்கோல்*

மாமியார் விஷயத்த அப்புறம் பேசலாம், முதல்ல பையன் கையில இருந்து வாங்குங்கம்மா, வாங்கிட்டு அவன் கைய சோப்பு போட்டு கழுவி விடுங்க.

1960-கள் வரைக்கும் இருட்டுல தெரியுற வாட்ச் நம்பர்ல ரேடியம்ங்குற கதிர்வீச்சுப் பொருள கலந்து பூசுவாங்க. பழுப்பா தடிமனா இருக்குதுன்னு நீங்க சொல்றது அதுவா இருக்க நெறைய வாய்ப்பு இருக்கு. "இப்ப இருட்டுல மின்னல, அப்ப பவர் போயிடுச்சு"ன்னு நெனைக்காதீங்க, மின்னுற பொடிதான் செத்துப் போயிருக்கு, ரேடியம் பாதியா கொறையவே 1600 வருஷம் ஆகும். கண்ணாடி முழுசா இருந்து மூடியிருக்குற வாட்ச்ச பெட்டிக்குள்ள வெச்சிருந்தா பெருசா பயப்பட வேண்டாம், பூச்சு உதிர்ந்து அந்தத் தூள் மூச்சுலயோ வாயிலயோ போறதுதான் ஆபத்து. உடைஞ்ச கண்ணாடியும் சின்னப் புள்ளையும் சேரவே கூடாது. ஒரு ஜிப் கவர்ல போட்டு, இன்னொரு டப்பாவுல போட்டு மூடி, ரிப்பேர்காரர்கிட்ட "இது ரேடியமா இருக்கலாம்"னு முதல்லயே சொல்லிட்டுக் குடுங்க, தெரிஞ்சவரு அதுக்குத் தக்கன பாத்துக்குவாரு. யாரும் சுரண்டிப் பாக்க வேண்டாம். அதுக்கப்புறம் வந்த வாட்ச்சுல டயலுக்குக் கீழ ஸ்விஸ்-ங்குற எழுத்துக்கு ரெண்டு பக்கமும் இங்கிலீஷ் டி எழுத்து இருந்தா அது டிரிட்டியம்ங்குற வேற கதிர்வீச்சுப் பொருள், அது 12 வருஷத்துக்கு ஒருக்கா பாதியா கொறைஞ்சுடும், அவ்ளோ தொந்தரவு இல்ல.

இப்ப மாமியார். ஓடாத கடியாரம் கூடாதுன்னா ஓட வெச்சுட்டா முடிஞ்சு போச்சு, அவங்களுக்கும் ஜெயிச்ச மாதிரி, உங்களுக்கும் ஜெயிச்ச மாதிரி. செத்தவங்க வாட்ச் கூடாதுங்குறதுக்கு மட்டும் எனக்கு ஒரு சந்தேகம். செத்துப்போன பாட்டியோட ரெட்ட வடச் சங்கிலிய யாராச்சும் வேண்டாம்னு சொல்லி இதுவரைக்கும் பாத்திருக்கீங்களா? தங்கத்துக்கு இல்லாத தோஷம் எஃகுக்கு மட்டும் எப்படி வந்துச்சுன்னு தெரியல. இத நான் சொன்னேன்னு அவங்ககிட்ட சொல்லாதீங்க.

அண்ணே, நான் துவாஸ்ல கட்டட வேலை பாக்குறேன், ஊரு புதுக்கோட்டை பக்கம். அப்பாகிட்ட ஒரு எச்எம்டி வாட்ச் இருந்துச்சு, அக்கா கல்யாணத்தப்ப வித்துட்டாரு. அதுக்கப்புறம் வாட்ச்சே கட்டுனதில்ல. அடுத்த லீவுக்குப் போகும்போது அதே மாதிரி வாங்கிட்டுப் போகணும். ஆன்லைன்ல பாத்தா கலர் கலரா புதுசு மாதிரியே கெடக்குது. வாங்கலாமா?

அந்தக் கலர் கலரா இருக்குறதுதான் பிரச்சன தம்பி. பழைய மிஷின எடுத்து, டயல புதுசா பெயிண்ட் அடிச்சு, எச்எம்டி எப்பவுமே போடாத கலர்லயெல்லாம் பேர எழுதி விக்குறாங்க, வாட்ச் சேக்குறவங்க இதுக்கு மும்பை ஸ்பெஷல்னே பேரு வெச்சிருக்காங்க. படத்த பெருசாக்கிப் பாருங்க. எழுத்து கசங்கின மாதிரி இருந்தா, நிமிஷக் கோடு நேரா இல்லன்னா, கேஸ் தேஞ்சு போயி டயல் மட்டும் நேத்து செஞ்ச மாதிரி இருந்தா விட்டுடுங்க. பின் மூடியத் தொறந்து மிஷின் படம் அனுப்பச் சொல்லுங்க, அனுப்ப மாட்டேன்னா அதுவே பதில்.

எச்எம்டி 1961-ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட சேந்து பெங்களூர்ல வாட்ச் செய்ய ஆரம்பிச்சாங்க. ஒரு காலத்துல மாப்பிள்ளைக்கு வாட்ச்னா அதுதான், பரிச்சையில பாஸ் ஆனா அதுதான், வேலைக்குச் சேந்தா அதுதான். வாட்ச் பிரிவ மூடுறதுன்னு 2016-ல முடிவாச்சு. ஆனா எத்தனையோ லட்சம் பேரு கட்டின வாட்ச், அதனால இன்னும் டிராயர் டிராயரா கெடக்குது, அவசரப்பட்டு இங்க இருந்து ஆன்லைன்ல காசு கட்ட வேண்டிய அவசியமே இல்ல. ஊருக்குப் போயி புதுக்கோட்டையிலயோ திருச்சியிலயோ பழைய வாட்ச் ரிப்பேர்காரரு ஒருத்தரப் புடிங்க, ஒரு ஆளு உக்கார்ற அளவு பெட்டிக்கடை, முன்னாடி கண்ணாடி, உள்ள டப்பா டப்பாவா பார்ட்ஸ். அவருகிட்ட இருக்கும், இல்லன்னா எங்க இருக்குன்னு அவருக்குத் தெரியும், நாளைக்கு நின்னா அவரே பாத்தும் குடுப்பாரு.

அதுக்கு முன்னாடி அப்பாகிட்ட பேச்சு வாக்குல கேட்டு வெச்சுக்கோங்க, கருப்பு டயலா வெள்ளையா, எழுத்து இங்கிலீஷா ஹிந்தியா. எச்எம்டி மாடல்ல பைலட்னா கருப்பு டயல்தான் எல்லாருக்கும் ஞாபகம் வரும், ஜனதான்னா வெள்ளை. ரெண்டும் கையால சாவி குடுக்குறது. காலையில எந்திரிச்சதும் ஒரு தடவ, இறுகுனதும் நிறுத்திடணும், அவ்ளோதான். அதிகமா சாவி குடுத்தா கெட்டுப்போகும்னு அப்பாவே சொல்லுவாரு, எல்லா அப்பாவும் சொல்லுவாங்க, உண்மையில எண்ணெய் காஞ்சுதான் நிக்கும், பழி மட்டும் சாவிமேல விழும். இன்னொரு விஷயமும் இருக்கு. மக கல்யாணத்துக்காக வித்தத அவரு நஷ்டமா நெனைக்காம இருக்கலாம். அதனால "நீங்க வித்தத மீட்டுட்டேன்"னு சொல்லிக் குடுக்காதீங்க. சும்மா குடுங்க.

அப்பா உயில் எழுதாம போயிட்டாரு. ரோலெக்ஸ் ஒண்ணு இருக்கு. பெரியண்ணன் எடுத்து வெச்சுக்கிட்டான். நாங்க மூணு பேரு, அம்மா இருக்காங்க. ஆளுக்கு நாலு மாசம் கட்டலாம்னு சின்னண்ணன் யோசனை சொல்றான்.
*- பேர் வேண்டாம்*

ஆளுக்கு நாலு மாசம் நடக்காது. முதல் ரவுண்டுலயே ஒருத்தர் கீறல் போட்டுட்டாருன்னு இன்னொருத்தர் சொல்லுவாரு, தீபாவளி யாரு மொறையில வருதுன்னு அடுத்த சண்டை வரும்.

சட்டப்படி பாத்தா உயில் இல்லன்னா இங்க பாதி அம்மாவுக்கு, மீதிப் பாதி புள்ளைங்களுக்கு சமமா. முஸ்லிம் குடும்பங்களுக்கு ஃபராயிட் முறை, அது வேற கணக்கு. வாட்ச்சும் சொத்துலதான் சேத்தி, எடுத்து வெச்சுக்கிட்டவருக்குச் சொந்தம்னு கெடையாது. சொத்து வரிக்கு பயப்பட வேண்டாம், இறந்தவங்க சொத்துமேல போடுற வரிய இங்க 2008-லயே எடுத்துட்டாங்க. ரெண்டு மூணு கடையில காட்டி விலை கேளுங்க, வெறும் விலைதான், "பாலிஷ் போட்டா நல்ல ரேட் கெடைக்கும்"னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, பழைய ரோலெக்ஸ தேய்க்கத் தேய்க்க சேக்குறவங்க கண்ணுல மதிப்பு கொறையத்தான் செய்யும். அடகுக் கடையில வெச்சா பத்திரமா இருக்கும்னும் சில பேரு சொல்லுவாங்க, மாசத்துக்கு ஒண்ணரை சதவீதம் வரைக்கும் வட்டி, ஆறு மாசக் கெடு, மறந்தா போச்சு, அதுக்கு வீட்டு அலமாரியே தேவலாம்.

வச்சுக்குறவரு மத்தவங்க பங்குக்குக் காசு குடுத்துடட்டும். குடுக்க மாட்டேன்னா வித்துப் பிரிங்க. அம்மா கேட்டா மட்டும் அம்மாகிட்ட குடுத்துட்டு மூணு பேரும் வாய மூடிக்கிட்டு இருங்க.

எங்க மாமா துறைமுகத்துல 25 வருஷம் வேலை பாத்ததுக்குக் குடுத்த வாட்ச், பின்னாடி பேரும் வருஷமும் பொறிச்சிருக்கு. விக்குறதுக்கு முன்னாடி அழிச்சுடலாமா? *- பிடோக்*

அழிக்காதீங்க. அமெரிக்க நடிகர் பால் நியூமனோட ரோலெக்ஸ் டேட்டோனா 2017-ல நியூயார்க்ல 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல ஏலம் போச்சு, அந்த வாட்ச்சோட பின்பக்கம் "பாத்து ஓட்டு"ன்னு அவரோட பொண்டாட்டி பொறிச்சுக் குடுத்திருந்தாங்க. உங்க மாமா வாட்ச்சுக்கு அந்த விலை வராதுதான், ஆனா பேர அழிச்சுட்டா அது வெறும் பழைய வாட்ச், பேரோட இருந்தா இந்தத் துறைமுகத்துல ஒரு மனுசன் கால் நூற்றாண்டு ஒழச்சதுக்குச் சாட்சி. விக்கணுமான்னே இன்னொரு தடவ யோசிங்க.

அம்மாவோட சின்ன குவார்ட்ஸ் வாட்ச், பேட்டரி தீந்து ரொம்ப வருஷமாச்சு. ஞாபகத்துக்கு அப்படியே வெச்சிருக்கேன். *- செங்காங்*

வெச்சிருங்க, பேட்டரிய மட்டும் இன்னைக்கே எடுத்துடுங்க. தீந்த பேட்டரி கசிஞ்சு உள்ள இருக்குறதையெல்லாம் தின்னுடும். மிஷின் போயிருந்தா அதே அளவுக்கு வேற மிஷின் போட்டுக்கலாம், பெரும்பாலும் செலவு கம்மிதான், பழைய மிஷின ஒரு சின்ன கவர்ல போட்டு வாங்கிக்கோங்க.

பதினாறு வயசுப் பேரன் என் வாட்ச்ச வேண்டாங்குறான், ஸ்மார்ட் வாட்ச்தான் வேணுமாம். *- தாத்தா, உட்லண்ட்ஸ்*

அவனுக்கு இப்ப குடுக்காதீங்கய்யா. நீங்களே கட்டுங்க. முப்பது வயசுல அவனே வந்து கேப்பான், அப்ப "தர மாட்டேன்"னு ஒரு வாரம் அலைய விடுங்க.

அடுத்த இதழுக்கு எழுதுறவங்க வாட்ச் முகத்த மட்டும் படம் எடுத்து அனுப்புறீங்க, பின் மூடியையும் எடுத்து அனுப்புங்க, நம்பரெல்லாம் அங்கதான் இருக்கு. தொறக்க வேண்டாம். எவ்ளோ வெள்ளி போகும்னு மட்டும் கேக்குறவங்க கடைக்கே நேரா போயிடுங்க, சீக்கிரம் பதில் கெடைக்கும்.